காணாத இடத்தில் ஒரு கடமை

‘பிரமாதம்’ என்ற சொல்லைத் தமிழர்கள் பாராட்டாகவே வழங்கி வருகின்றனர். விருந்து சிறப்பாக அமைந்தால் பிரமாதம். கச்சேரி களைகட்டினால் பிரமாதம். வடமொழியில் இச்சொல்லுக்கு உரிய பொருளோ நேர்மாறானது. கவனம் தவறுதல், செய்ய வேண்டியதைச் செய்யாது விடுதல், விழிப்பு நழுவுதல் ஆகியவையே அங்கே பிரமாதம் எனப்படுகின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் திருதராஷ்டிரனுக்கு அறிவுரை கூறும் சனத்சுஜாதர், பிரமாதமே மரணம் என்ற முடிவை எடுத்துரைக்கிறார். நோயும் முதுமையும் போரும் இருக்க, கவனக்குறைவைப் போய் மரணம் என்று அம்முனிவர் ஏன் கூற வேண்டும்? ஆன்ம விசாரத்தில் இதற்கு ஆழ்ந்த விளக்கம் உண்டு. அன்றாட உலகியலிலும் இதற்கு நேரான ஒரு பொருள் உண்டு. அதைக் காண்பதற்குப் பெரிய இடம் எதுவும் தேவையில்லை. மோட்டார் காரின் அடியில், சேறும் எண்ணெயும் படிந்து கிடக்கும் ஒரு ரப்பர் உறையே போதும்.

ஆராய வேண்டிய கேள்வி இதுதான். ஒரு சிறு கடமை செய்யப்படாமல் விடப்படுகிறது. அதனால் இதுவரை எந்தத் தீங்கும் நேரவில்லை. இனியும் நேராமலே போகலாம். அப்படியானால் அங்கே குற்றம் என்று ஏதேனும் நிகழ்ந்ததா?

உறையின் தொழில்

காரின் முன்சக்கரம் மேலும் கீழும் அசைய வேண்டும்; இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இவ்விரண்டு அசைவுகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டே அது வண்டியின் உடலோடு உறுதியாகப் பிணைந்திருக்கவும் வேண்டும். மனித உடலில் தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் பொருந்திச் சுழல்வது போல, இங்கே ஓர் எஃகு உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் பொருந்திச் சுழல்கிறது. இதைத்தான் பணிமனைகளில் ‘பால் ஜாயின்ட்’ என்கின்றனர். ஸ்டீரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனையிலும் இத்தகைய மூட்டு ஒன்று உண்டு. அது ‘டை ராட் எண்ட்’.

உருண்டையும் கிண்ணமும் உராயாமல் இருப்பதற்காக உள்ளே கிரீஸ் நிரப்பப்படுகிறது. அந்த கிரீஸ் வெளியேறாமலும், நீரும் மணலும் உள்ளே புகாமலும் காப்பது மேலே பூட்டப்பட்ட ரப்பர் உறை. மெக்கானிக்குகளின் பேச்சில் அது ‘பூட்’. வண்டியின் வேகத்துக்கோ வலிமைக்கோ அது நேரடியாக எதையும் தருவதில்லை. எந்த விளம்பரத்திலும் அதன் பெயர் வருவதில்லை. அதன் ஒரே தொழில் காத்தல்.

பழைய கார்களில் இம்மூட்டுகளுக்குக் கிரீஸ் ஏற்றும் சிறு துவாரங்கள் இருந்தன. குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, துப்பாக்கி போன்ற கருவியால் புதிய கிரீஸை உள்ளே செலுத்துவர். அப்போது ஒருவர் கண் அந்த மூட்டின் மீது கட்டாயம் படும். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் மூட்டு ஒருமுறை கிரீஸ் நிரப்பி மூடப்பட்டதுதான். அடிக்கடி கவனிக்கும் தொல்லை நீங்கியது. அதோடு கவனிக்கும் வழக்கமும் நீங்கியது. முன்பு உறையும் மனிதனின் கவனமும் சேர்ந்து சுமந்த பொறுப்பை இப்போது உறை மட்டுமே சுமக்கிறது.

ரப்பருக்கு முதுமை உண்டு. வெப்பமும், காற்றில் கலந்துள்ள ஓசோனும், எண்ணெய்க் கசிவும், தெறிக்கும் கற்களும் அதை நாளடைவில் வெடிக்கச் செய்கின்றன. முதலில் மடிப்புகளில் முடி போன்ற கோடுகள் தோன்றும். பிறகு ஒரு கீறல். அக்கீறல் வழியே கிரீஸ் கசியும். அந்த ஈரத்தில் புழுதி ஒட்டும். மழைநீர் உள்ளே செல்லும். மசகாக இருந்த கிரீஸ் மணலோடு கலந்தவுடன் அரைக்கும் பசையாகிவிடுகிறது. எது மூட்டைக் காத்ததோ அதுவே மூட்டைத் தேய்க்கத் தொடங்குகிறது. நாளடைவில் உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஆட்டம் உண்டாகும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்டீரிங் சற்று அலையும். கடைசி நிலையில் உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடலாம். அந்தக் கணத்தில் சக்கரம் ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்பட்டதாக இருப்பதில்லை.

மூன்று மீன்கள்

பஞ்சதந்திரத்தில் வரும் மூன்று மீன்களின் கதை பலரும் சிறுவயதில் கேட்டதே. வலைஞர்கள் வரப்போவதை அறிந்த வருமுன் காப்போன் என்ற மீன் முன்கூட்டியே குளத்தை விட்டு நீங்கிவிட்டது. வந்தபின் காப்போன் செத்தது போல நடித்துத் தப்பியது. மூன்றாவது மீனோ வருவது வரட்டும் என்று இருந்து வலையில் சிக்கி மாண்டது.

இக்கதையைக் கேட்கும் குழந்தைகளுக்கு மிகவும் பிடிப்பது இரண்டாவது மீன்தான் என்பது கருதத் தக்கது. அதனிடம் சாகசம் இருக்கிறது. ஆபத்து நெருங்கிவந்து விலகும் சுவை இருக்கிறது. முதல் மீனைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியத்துக்கு மேல் இல்லை. அது போய்விட்டது, அவ்வளவே.

உலகமும் இப்படித்தான் மதிப்பிடுகிறது. மலைப்பாதையில் சக்கரம் கழன்றபோது திறமையாக வண்டியை நிறுத்திய ஓட்டுநரைப் பற்றி ஊரே பேசும். கிழிந்த உறையை மூன்று மாதம் முன்னதாகவே மாற்றி, சக்கரம் கழலாமலே செய்தவரைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. நிகழாத விபத்துக்குச் சாட்சி கிடையாது. காத்தல் என்ற அறம் பிற அறங்களிலிருந்து வேறுபடும் இடம் இதுவே. கொடை கொடுத்தால் பெற்றவன் இருக்கிறான். வீரம் காட்டினால் கண்டவன் இருக்கிறான். காத்தவனுக்கோ தான் காத்தது என்ன என்பதுகூடத் தெரிவதில்லை. புகழையோ நன்றியையோ எரிபொருளாகக் கொண்டு இயங்கும் மனம் இந்த அறத்தைத் தொடர்ந்து செய்ய இயலாது.

ஓடும் வண்டி சொல்லும் வாதம்

ஹரித்துவாரத்தையும் ரிஷிகேசத்தையும் சுற்றியுள்ள வாடகைக் கார்கள் யாத்திரைக் காலத்தில் ஓய்வின்றி ஓடுபவை. ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் சுமார் 300 கி.மீ. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை வழியாக அலகநந்தையை ஒட்டியே ஏறிச் செல்லும் பாதை அது. ஒரு பக்கம் மலைச்சுவர்; மறுபக்கம் ஆற்றுப் பள்ளம். மழைக்காலத்தில் சரிவுகளிலிருந்து இறங்கும் சேறும் கல்லும் வேறு.

அத்தகைய வண்டி ஒன்று பணிமனைக்கு வருவதாகக் கொள்ளலாம். பிரேக்கைச் சரிசெய்வதற்காக வந்த வண்டி. சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், கீழ்க்கையின் பால் ஜாயின்ட் உறை கிழிந்திருப்பதைக் காண்கிறார். ஓட்டுநர் அதைக் கேட்டு வரவில்லை. அது அவருக்குத் தெரியவும் தெரியாது. விடியற்காலையில் யாத்திரிகர்கள் காத்திருக்கின்றனர். சொன்னால் ஒரு நாள் வருமானம் போகும். வங்கித் தவணை நெருங்குகிறது. ‘இதுவரை ஓடியது, இந்த முறையும் ஓடும்’ என்ற எண்ணம் இருவர் மனத்திலும் இயல்பாகவே எழுகிறது.

இந்த எண்ணத்தை ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத் தக்கவர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் தத்துவ அறிஞருமான வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட். நம்பிக்கையின் அறநெறி பற்றி 1877-இல் வெளிவந்த அவரது கட்டுரை ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. அது பயணத்துக்குத் தகுதியானதுதானா என்ற ஐயம் முதலாளிக்கு எழுகிறது. பழுது பார்ப்பதற்குச் செலவு அதிகம். எத்தனையோ பயணங்களை இக்கப்பல் கடந்துவிட்டது, குடியேறச் செல்லும் இத்தனை குடும்பங்களை இறைவன் கைவிடமாட்டான் என்று அவர் தம் ஐயத்தைத் தாமே அடக்கிக்கொள்கிறார். உண்மையாகவே நம்பவும் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்கிறார்.

அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிளிஃபோர்ட் அதோடு நிற்கவில்லை. அதே கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால் அவருடைய குற்றம் குறைந்துவிடுமா என்று கேட்கிறார். சற்றும் குறையாது என்பதே அவர் முடிவு. செயல் செய்யப்பட்ட கணத்திலேயே அதன் நன்மை தீமை முடிவாகிவிட்டது; பின்னர் நேரும் தற்செயல் எதுவும் அதை மாற்றாது. கப்பல் கரை சேர்ந்திருந்தால் முதலாளி குற்றமற்றவர் ஆகியிருக்கமாட்டார்; அகப்படாதவர் ஆகியிருப்பார்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. கண்ட குறையைக் காணாதது போல் மூடிவிட்டு வண்டியை அனுப்பிய மெக்கானிக்கின் பிழை, அந்த வண்டி பத்ரிநாத் சென்று பத்திரமாகத் திரும்பினாலும் பிழையே. திரும்பி வந்த வண்டி அவரை மன்னிப்பதில்லை. அடுத்த முறையும் அவ்வாறே செய்யத் துணிவைத் தருகிறது. உண்மையான ஆபத்து இதுதான்.

இதற்கு வரலாற்றில் துயரமான சான்று ஒன்று உண்டு. அங்கும் காரணமாய் அமைந்தது ஒரு ரப்பர் வளையமே. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சர் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்து வைத்திருந்த ரப்பர் வளையங்களில் ஒன்று குளிரில் தன் நெகிழ்ச்சியை இழந்தது. குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடியிருந்தனர். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் விசாரணையின்போது அந்த ரப்பரின் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்து, அது பழைய வடிவத்துக்கு விரைந்து மீளாததை எல்லோரும் காணச் செய்தார்.

அவ்வளையங்கள் அரிக்கப்படுவது அதற்கு முன் 1981-ஆம் ஆண்டு முதலே பல பயணங்களில் தென்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், அரிப்பு என்பது அபாய அறிவிப்பாக இல்லாமல் வழக்கமாகிப் போனது. சமூகவியலாளர் டயான் வான் 1996-இல் வெளியிட்ட தமது நூலில் இதனைப் பிறழ்வே இயல்பாகிவிடும் நிலை என்று விளக்கினார். வெற்றியே கண்ணை மறைத்தது. திருக்குறளின் 54-ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை, மகிழ்ச்சியின் மிகுதியில் தோன்றும் சோர்வை ஏன் அவ்வளவு கடிந்து பேசுகிறது என்பது இங்கே விளங்கும். துன்பத்தில் மனிதன் விழித்திருக்கிறான். எல்லாம் நன்றாக ஓடும்போதுதான் உறங்கிவிடுகிறான்.

மறுபுறத்துப் பாவம்

கவனக்குறைவு ஒரு பக்கத்துப் பள்ளம் என்றால், மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. உறையின் கீறல் புதியது. உள்ளே மணல் புகவில்லை. மூட்டில் ஆட்டமும் இல்லை. அந்நிலையில் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, புதிய கிரீஸ் இட்டு, உறையை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ‘சக்கரமே கழன்றுவிடும்’ என்று அச்சுறுத்தி மூட்டையும் கையையும் சேர்த்து மாற்றச் சொல்பவர்களும் உண்டு. வண்டிக்கு அடியில் இருப்பது உரிமையாளருக்குத் தெரியாது என்ற ஒரே உண்மையை இருவருமே பயன்படுத்திக்கொள்கின்றனர். ஒருவர் இருப்பதை மறைக்கிறார். மற்றவர் இல்லாததைக் காட்டுகிறார். அறியாமையில் இருப்பவனின் நம்பிக்கையை விலையாக்குவதில் இருவரும் ஒருவரே.

இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி எளிது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். அதை மெக்கானிக் தாம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஓட்டுநரையும் அருகே அழைத்து அவர் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் செய்யலாம். மாற்றிய பழைய பாகத்தை அவரிடமே கொடுத்தனுப்பலாம். தன்னிடம் உள்ள அறிவை மற்றவனுக்கும் பகிர்ந்துவிட்ட பிறகு ஏமாற்றுவதற்கு இடமே இல்லை. நேர்மை என்பது பெரும்பாலும் இத்தகைய ஏற்பாடுகளில்தான் குடியிருக்கிறது.

புதிய உறைக்குள் பழைய தேய்மானம்

இப்போது கடினமான நிலைக்கு வரலாம். ஆட்டிப் பார்த்ததில் மூட்டு தேய்ந்திருப்பது உறுதியாகிறது. ஓட்டுநரிடம் பணம் இல்லை. உறையை மட்டும் மாற்றித் தந்தால் போதும், மீதியை யாத்திரைக் காலம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மன்றாடுகிறார். அவர் பேராசைக்காரர் அல்லர், குடும்பம் உள்ளவர். கருணை எதைச் செய்யச் சொல்லும்?

உறையை மட்டும் மாற்றித் தருவதே கருணை என்று தோன்றக்கூடும். ஆனால் தேய்ந்த மூட்டின் மேல் மாட்டிய புதிய உறை ஒரு பொய். கிழிந்த உறையாவது தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இனி வண்டியைப் பார்க்கும் வேறொரு மெக்கானிக், பளபளக்கும் உறையைக் கண்டு ஐயமின்றிக் கடந்துவிடலாம். குறை நீங்கவில்லை, குறையின் அறிவிப்பு நீங்கிவிட்டது. மனித வாழ்விலும் உள்ளே தேய்ந்ததைத் தொடாமல் வெளித்தோற்றத்தைப் புதுப்பிக்கும் திருத்தங்கள் எத்தனையோ உண்டு. திருந்தாமல் இருப்பதைவிட அவை கூடுதல் ஆபத்தானவை; ஏனெனில் திருந்திவிட்டதாக நம்பச் செய்கின்றன.

கட்டாயத்தில் செய்யும் செயலுக்கு மனிதன் பொறுப்பாளி ஆவானா என்பதை அரிஸ்டாட்டில் தமது நிகோமாக்கிய அறவியலில் ஆராய்ந்திருக்கிறார். புயலில் அகப்பட்ட கப்பலின் சரக்கைக் கடலில் எறிபவனை அவர் எடுத்துக்காட்டுகிறார். வெறுமனே யாரும் தன் சரக்கை எறிய விரும்பமாட்டார். ஆயினும் உயிர்களைக் காப்பதற்காக அறிவுள்ளவன் அந்நேரத்தில் அதைத் தேர்ந்தெடுத்துச் செய்கிறான். ஓட்டுநரின் ஒரு நாள் வருமானம் அத்தகைய சரக்கு. அதை இழப்பது வலிக்கும். ஆனால் தட்டின் மறுபுறத்தில் இருப்பவை அவர் உயிர் மட்டுமல்ல. பின்னிருக்கையில் அமரப்போகும் முதியவர்கள் இந்த உறையைப் பற்றி எதுவும் அறியமாட்டார்கள். எதிரே வரும் பேருந்தில் உள்ளவர்களும் அறியமாட்டார்கள். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்பது வேறு விவாதம். பிறரைக் கேளாமல் அவர்கள் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை வறுமைக்கும் இல்லை.

அவ்வாறாயின் மெக்கானிக்கின் கருணை எங்கே வெளிப்பட வேண்டும்? மூட்டின் விலையைத் தவணையில் பெற்றுக்கொள்ளலாம். தம் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். இரவு கண்விழித்து வேலையை முடித்துத் தரலாம். இவற்றில் எதுவும் இயலாதெனில் வண்டியின் நிலையைத் தெளிவாகச் சொல்லி, ரசீதிலும் எழுதித் தந்து, புதிய உறையால் அதை மூடிமறைக்க மறுக்கலாம். தன் கையிலிருந்து கொடுப்பது கருணை. பயணிகளின் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது கருணையாகாது. அது பிறர் பொருளில் செய்யும் தானம்.

கைகளின் தியானம்

தெரிந்துகொள்வதோடு கடமை முடிவதில்லை. செய்வதிலும் பிரமாதம் நுழையக் கூடும். மூட்டைப் பிரிக்கக் கவைமுள் போன்ற கருவியை அவசரமாக அடித்துச் செருகினால், நல்ல நிலையில் உள்ள உறையும் கிழிந்துவிடும். அதற்குரிய இழுவைக் கருவியைப் பொறுமையாகப் பயன்படுத்த வேண்டும். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றுகள் என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அதே அளவுக்கு முடுக்க வேண்டும். அதன்பிறகும் சக்கரங்களின் நேர்நிலையைச் சரிபார்க்க வேண்டும். நட்டு கழலாமல் காக்கும் சிறு பின்னைப் பழையதையே வளைத்துப் போடாமல் புதிதாக இட வேண்டும். அந்தப் பின்னின் துளை நட்டின் பிளவோடு பொருந்தவில்லை என்றால், நட்டைத் தளர்த்திப் பொருத்தாமல், சற்று முடுக்கி அடுத்த பிளவோடு பொருத்த வேண்டும். தளர்த்துவது எளிது, யாரும் பார்க்கப் போவதும் இல்லை.

‘யாரும் பார்க்கப் போவதில்லை’ என்ற அந்த ஓர் இடத்தில்தான் மனிதனின் தரம் முடிவாகிறது. எல்லாவற்றையும் எப்போதும் சோதித்துக்கொண்டே இருப்பது யாராலும் இயலாது. அத்தகைய அச்சத்தில் வாழ்வதும் வாழ்வாகாது. கடமை அவ்வளவு தொலைவு செல்லும்படி யாரையும் கேட்பதில்லை. உரிய காலத்தில் பார்க்க வேண்டும். பார்த்ததை உள்ளபடி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். இம்மூன்றில் எது தவறினாலும் கீறல் வழியே மணல் புகத் தொடங்கிவிடும்.

சனத்சுஜாதரின் சொல்லுக்கு உரிய உலகியல் பொருள் இதுவாகலாம். மரணம் மலைப்பாதையின் வளைவில் திடீரென்று தோன்றுவதன்று. ஒரு மெல்லிய ரப்பர் கிழிந்ததைக் கண்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனம் சொன்ன அன்றே அது வண்டியில் ஏறி அமர்ந்துவிடுகிறது. அதை அன்றே இறக்கிவிடுபவரை யாரும் அறியப்போவதில்லை. யாத்திரிகர்கள் தரிசனம் முடித்து, மலையிறங்கி, வழக்கம் போல வீடு திரும்புவார்கள். அவருடைய கடமை நிறைவேறியதற்கு அந்த வழக்கமான வீடு திரும்புதலே போதிய சான்று.